வீட்டுப் பத்திரத்தில் பழைய இனத்தடை ஷரத்து இருந்தால் என்ன செய்வது? கலிஃபோர்னியாவில் புதிதாக வீடு வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கலிஃபோர்னியாவில் முதல் வீடு வாங்கும் தமிழர்களில் பலர், எஸ்க்ரோ அலுவலகத்திலிருந்து (விற்பனை முடியும் வரை பணத்தையும் பத்திரங்களையும் நடுவில் வைத்திருக்கும் அலுவலகம் அது) வரும் காகிதக் கட்டை முழுவதும் படிப்பதில்லை. கடன் வட்டி, வீட்டுச் சோதனை அறிக்கை, சொத்து வரி ஆகியவற்றைக் கவனமாகப் பார்த்துவிட்டு, மற்றவற்றில் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டுவிடுகிறோம். சான்டா கிளாரா கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) 1940-களில் போடப்பட்ட ஒரு மனைப்பிரிவில் வீடு வாங்கிய நண்பர் ஒருவருக்காக, அந்தக் கட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்துவைத்துப் பக்கம் பக்கமாகப் படித்தேன். கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்தாக இருந்த பழைய ஃபோட்டோஸ்டாட் நகல் ஒன்றில், வேலியின் உயரத்தைப் பற்றிய நிபந்தனைக்கும் கோழி வளர்க்கக் கூடாது என்ற நிபந்தனைக்கும் நடுவில் இப்படி ஒரு ஷரத்து இருந்தது: “வெள்ளை அல்லது காக்கேசிய இனத்தைச் சாராத எவரும் இம்மனைகளையோ அவற்றிலுள்ள கட்டடங்களையோ பயன்படுத்தவோ அவற்றில் குடியிருக்கவோ கூடாது, உரிமையாளருடன் அல்லது வாடகைதாரருடன் தங்கியிருக்கும் வேற்றின வீட்டுப் பணியாளர்களுக்கு இத்தடை பொருந்தாது.” நண்பரின் மனைவி அதை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, “அப்படியென்றால் இந்த வீட்டில் நாம் வேலைக்காரர்களாக மட்டும்தான் இருந்திருக்க முடியுமா?” என்றார். ஆம் என்பதுதான் அதற்கு விடை.

அந்த ஷரத்தைப் பதிவேட்டிலிருந்து அடித்து நீக்க அவர்கள் என்னென்ன செய்தார்கள், எந்தெந்த இடத்தில் தடுமாறினோம் என்பதை, அதே நிலையில் இருக்கக்கூடிய மற்றவர்களுக்காக எழுதுகிறேன். இது சட்ட ஆலோசனை அன்று; ஆனால் பெரும்பாலானோர் வழக்கறிஞர் இல்லாமலேயே செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

முதலில் பதற்றம் வேண்டாம்

இந்த ஷரத்துக்கு இன்று எந்த வலுவும் இல்லை. உங்கள் உரிமையையோ, வங்கிக் கடனையோ, நாளை நீங்கள் யாருக்கு விற்கிறீர்கள் என்பதையோ அது தொட முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல் ஷெல்லி எதிர் க்ரேமர் வழக்கில், இத்தகைய ஒப்பந்தங்களை எந்த நீதிமன்றமும் நிறைவேற்றிக் கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. ஷரத்தை மீறி விற்றவரிடம் நஷ்டஈடு கேட்பதும் செல்லாது என்று 1953-இல் பாரோஸ் எதிர் ஜாக்சன் வழக்கில் கூறியது. 1968 ஏப்ரல் 11 அன்று கையெழுத்தான கூட்டரசின் நியாய வீட்டுவசதிச் சட்டம், இன அடிப்படையில் வீடு மறுப்பதையே சட்டவிரோதமாக்கியது. கலிஃபோர்னியாவின் சிவில் சட்டத் தொகுப்பிலும் இவை செல்லாதவை என்று தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது.

செல்லாத ஷரத்தை ஏன் நீக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. நிலத்தோடு ஓடும் நிபந்தனை என்று சட்டம் இதை அழைக்கிறது. அதாவது, வீடு கைமாறும் ஒவ்வொரு முறையும் புதிய உரிமையாளரின் கையில் இந்தத் தாளும் சேர்ந்தே கொடுக்கப்படுகிறது. இந்த வீட்டில் நீ இருக்கத் தகாதவன் என்று சொல்லும் ஒரு தாளைச் சாவியோடு சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. ஊரும் சேரியும் தனித்தனியே கிடப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, எழுதப்படாமலே நடக்கும் ஒதுக்கம் எப்படிப்பட்டது என்று தெரியும். இங்கே அதை எழுதி, சாட்சி வைத்து, அரசு அலுவலகத்தில் பதிந்தும் வைத்தார்கள்.

ஷரத்து எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் தேடுவது எளிது

எந்த ஆண்டுப் பத்திரத்தில், எந்தச் சொற்களில் இதைத் தேட வேண்டும் என்பதை அதன் வரலாறே காட்டிவிடும். கறுப்பர்கள் இந்தத் தெருவில் வாழக் கூடாது என்று நகராட்சியே சட்டம் போடுவதை 1917-இல் உச்ச நீதிமன்றம், கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகர வழக்கில், தடுத்துவிட்டது. நகராட்சி செய்ய முடியாததைத் தனியார் ஒப்பந்தத்தின் மூலம் செய்யலாம் என்ற எண்ணம் அதன் பிறகு வேகமாகப் பரவியது. 1926-இல் வாஷிங்டன் டி.சி. வழக்கொன்றில், தனியார் ஒப்பந்தத்தில் தலையிட மறுத்து உச்ச நீதிமன்றமும் அந்த வழியைத் திறந்துவிட்டது.

கலிஃபோர்னியாவில் இதற்கு ஒரு திருப்பம் உண்டு. வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்ற தடை, சொத்தை விற்கும் உரிமையையே பறிப்பதால் செல்லாது என்றும், ஆனால் அவர் அங்கே குடியிருக்கக் கூடாது என்ற தடை செல்லும் என்றும் மாநில உச்ச நீதிமன்றம் 1919-இல் சொன்னது. ஒருவர் வீட்டை வாங்கலாம், ஆனால் அதில் வாழக் கூடாது! அதனால்தான் இம்மாநிலத்துப் பத்திரங்களில் ‘விற்கக் கூடாது’ என்பதைவிடப் ‘பயன்படுத்தவோ குடியிருக்கவோ கூடாது’ என்ற சொற்றொடரை மிகுதியாகக் காண்கிறோம். குடியிருப்பைத் தடுக்கும்போது வீட்டோடு தங்கும் சமையற்காரரையும் தோட்டக்காரரையும் என்ன செய்வது என்ற கேள்வி எழும் அல்லவா? பணியாளர் விலக்கு அதற்காகவே சேர்க்கப்பட்டது.

1934-இல் தொடங்கப்பட்ட கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம், வீட்டுக் கடன்களுக்குக் காப்புறுதி கொடுத்தபோது, இத்தகைய தடை உள்ள மனைப்பிரிவுகளை நல்லவை என்று மதிப்பிடும்படி தன் கையேட்டிலேயே பரிந்துரைத்தது. கடன் எளிதாகக் கிடைக்க வேண்டுமானால் ஷரத்தைச் சேர்ப்பதே நல்லது என்று மனைப்பிரிவு போட்டவர்கள் கருதியதற்கு இது பெரிய காரணம். 1948 தீர்ப்புக்குப் பிறகும் அந்த நிர்வாகம் உடனே மாறவில்லை. 1950 பிப்ரவரி 15-க்குப் பிறகு பதிவாகும் தடைகள் உள்ள சொத்துகளுக்குத்தான் காப்புறுதியை மறுத்தது. ஆகவே 1910-களிலிருந்து 1950 வரையிலான ஆவணங்களை முதலில் பாருங்கள். ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம். செல்லாது என்று தெரிந்தே அதற்குப் பின்னும் எழுதிப் பதிந்தவர்கள் இருக்கிறார்கள்.

முதல் படி: டைட்டில் அறிக்கையைத் திறப்பது

நம் ஊரில் வில்லங்கச் சான்று பார்ப்பதுபோல, இங்கே விற்பனை நடக்கும்போது, சொத்தின் உரிமையைச் சரிபார்த்து அதற்குக் காப்புறுதி தரும் டைட்டில் கம்பெனி ஒரு முதற்கட்ட அறிக்கையைத் தரும். அதில் சொத்தைப் பாதிக்கும் ஆவணங்கள் எண்ணிட்டு வரிசையாக இருக்கும்: சொத்து வரி, மின்கம்பிக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் விடப்பட்ட வழியுரிமை, அவற்றோடு சிசி அண்ட் ஆர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் மனைப்பிரிவு நிபந்தனைகள். இந்த நிபந்தனைகளைப் பற்றிய பத்தியில் பதிவான தேதியும், புத்தக எண்ணும் பக்க எண்ணும் அல்லது ஆவண எண்ணும் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லா வேலைக்கும் அந்த எண்தான் திறவுகோல்.

அதே பத்தியில் ஒரு நீண்ட வாசகம் உங்கள் கண்ணில் படும். இனம், நிறம், மதம், பால், பிறந்த நாடு முதலியவற்றின் அடிப்படையிலான தடைகள் ஏதேனும் இருப்பின் அவை நீங்கலாக, என்று அது சொல்லும். இதைப் பார்த்தவுடன் தங்கள் பத்திரத்தில் ஷரத்து இருக்கிறது என்று சிலர் முடிவு செய்துவிடுகிறார்கள். சட்டப்படி எல்லாம் சரிசெய்யப்பட்டுவிட்டது என்று வேறு சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். இரண்டும் தவறு. அது எல்லா அறிக்கைகளிலும் வழக்கமாகச் சேர்க்கப்படும் வாசகம். அடியிலுள்ள மூல ஆவணத்தைத் திறந்து படித்தால்தான் உண்மை தெரியும். மின்னஞ்சலில் வரும் பிடிஎஃப் அறிக்கையில் ஆவண எண்ணின் மேல் சொடுக்கினால் பெரும்பாலும் நகலே திறக்கும். திறக்காவிட்டால் டைட்டில் அதிகாரியிடம் கேளுங்கள், அனுப்பிவைப்பார்.

இன்னும் எஸ்க்ரோ முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஏபி 1466 என்ற மாநிலச் சட்டத்தின்படி, 2022 ஜூலை 1 முதல், உங்களுக்குக் கொடுக்கப்படும் ஆவணத்தில் இத்தகைய ஷரத்து இருப்பது டைட்டில் கம்பெனிக்கோ, எஸ்க்ரோ கம்பெனிக்கோ, முகவருக்கோ, வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கோ தெரிந்திருந்தால், அதை உங்களுக்குச் சொல்லவும், நீக்குவதற்கு வழி இருக்கிறது என்று தெரிவிக்கவும் அவர்கள் கடமைப்பட்டவர்கள். எஸ்க்ரோ முடிவதற்குள் நீங்கள் கேட்டால், நீக்கப் படிவத்தைத் தயாரிக்க டைட்டில் அல்லது எஸ்க்ரோ கம்பெனி உதவவும் வேண்டும். ‘தெரிந்திருந்தால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். எண்பது ஆண்டு பழைய தாளை அவர்கள் வரி விடாமல் படித்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. நீங்கள் படித்து, பக்கத்தைக் காட்டி, எழுத்தில் கேட்பதே நல்லது. இதற்காக வீட்டை முடிக்கும் தேதியைத் தள்ளிப்போட வேண்டிய தேவை இல்லை. வாங்கிய பிறகு எந்த ஆண்டிலும் இதைச் செய்யலாம்.

அறிக்கையில் இல்லாவிட்டால்

அறிக்கையில் காணவில்லை என்பதால் ஷரத்தே இல்லை என்று பொருளாகாது. மனைப்பிரிவு முழுமைக்கும் பொதுவான ஆவணத்தில் எழுதாமல், மனை போட்டவர் முதல் உரிமையாளருக்கு எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரத்திலேயே சேர்த்திருக்கலாம். அல்லது தெருவாசிகள் தங்களுக்குள் ஒப்பந்தம் எழுதிப் பதிந்திருக்கலாம். ஷெல்லி வழக்கே அப்படிப்பட்ட ஒப்பந்தத்திலிருந்து வந்ததுதான்: செயின்ட் லூயிஸ் நகரில் 1911-இல், ஒரு பகுதியின் 39 உரிமையாளர்களில் 30 பேர் கையெழுத்திட்டது அது.

இந்த நிலையில், நாம் தாய்ப்பத்திரம் வரை போவதுபோலவே பின்னோக்கிப் போக வேண்டும். நம் ஊர்ப் பதிவாளர் அலுவலகம் போன்ற கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர் என இரு அட்டவணைகள் இருக்கும். உங்களுக்கு விற்றவரின் பெயரை வாங்கியவர் அட்டவணையில் தேடினால் அவருக்கு விற்றவர் கிடைப்பார். அவர் பெயரை வைத்து அதற்கு முந்தையவர். இப்படி மனை பிரிக்கப்பட்ட ஆண்டு வரை செல்ல வேண்டும். அண்மைக்கால அட்டவணையை வலைத்தளத்தில் பார்க்கலாம். ஆனால் கலிஃபோர்னியாவின் பல கவுண்டிகளில் ஆவணத்தின் படத்தை வீட்டிலிருந்தே பார்க்க முடியாது, அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். பழையவை மைக்ரோஃபிலிமில் இருக்கும். சுருளைக் கருவியில் மாட்டித் தர உதவியாளரிடம் தயங்காமல் கேளுங்கள். ஒரு முழு முற்பகல் ஆகும் என்று எண்ணிக்கொண்டு போங்கள்.

போகும்போது சொத்து வரிச் சீட்டில் உள்ள மனை எண்ணையும், தற்போதைய கிரயப் பத்திரத்திலுள்ள சொத்து விவரத்தையும் கையில் வைத்திருங்கள். இங்கே தெருமுகவரியை வைத்து யாரும் பழைய பத்திரத்தைத் தேடித் தர முடியாது. ‘இன்ன மனைப்பிரிவு, இன்ன வரைபடம், இத்தனையாவது மனை’ என்ற விவரம்தான் ஆவணங்களை இணைக்கிறது. நாங்கள் முதல் நாள் முகவரியை மட்டும் எழுதிக்கொண்டு போய்ப் பாதி நாளை வீணாக்கினோம்.

இரண்டாம் படி: சொற்களை இனம் காண்பது

இந்த ஷரத்துகள் எல்லாம் ஒரே நடையில் இல்லை. ‘காக்கேசியர் அல்லாதவர்’ என்று ஒரே சொல்லில் முடித்தவை உண்டு. விலக்கப்பட்டவர்களை ஒவ்வொருவராக அடுக்கியவையும் உண்டு: நீக்ரோ, எத்தியோப்பியர், ஆப்பிரிக்க வழித்தோன்றல், மங்கோலியர், சீனர், ஜப்பானியர், மலாய், ஆசியர், ஹீப்ரு (அதாவது யூதர்). சில ஆவணங்களில் ‘இந்து’ என்ற சொல்லும் வரும். அன்றைய அமெரிக்க அலுவலக வழக்கில் அது மதத்தின் பெயர் அன்று; இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து வந்த எவரையும், சீக்கியரானாலும் முஸ்லிமானாலும் கிறிஸ்தவரானாலும், அப்படித்தான் எழுதினார்கள். 1930, 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் இனப் பட்டியலிலேயே ‘இந்து’ என்ற பிரிவு இருந்தது. இந்தியர் வெள்ளையர் ஆகமாட்டார், எனவே குடியுரிமை பெற முடியாது என்று பகத் சிங் திந்த் வழக்கில் 1923-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்ததால், ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று எழுதிய இடத்திலும் நாம் வெளியேதான் நின்றிருப்போம். இது கறுப்பர்களின் பிரச்சினை மட்டும்தானே என்று என்னிடம் கேட்டவர்களுக்கு நான் அந்த வரியையே காட்டுவேன். நாடளவில் முதன்மையான இலக்கு கறுப்பர்களே என்பதும், ஷெல்லி வழக்கை நடத்தி வென்றவர்களும் அவர்களே என்பதும் அதனால் குறைந்துவிடாது.

ஷரத்தைப் படிக்கும்போது அதன் எல்லையைச் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இனத்தடை ஒரு பத்தியில் இருக்கும்; அதை மீறினால் நிலம் பழைய உரிமையாளருக்கே திரும்பிவிடும் என்ற தண்டனை வேறொரு பத்தியில் இருக்கலாம். அந்தத் தண்டனை எல்லா நிபந்தனைகளுக்கும் பொதுவானதாக இருந்தால், அதை நீங்கள் தொடக் கூடாது. வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே விட வேண்டிய இடம், வேலியின் உயரம், குழாய் வழியுரிமை போன்ற மற்ற நிபந்தனைகள் நீடிக்கின்றன. அவற்றைச் சேர்த்து அடிக்க இந்த நடைமுறையில் இடம் இல்லை. அடிக்கக் கூடாத ஒன்றை அடித்துப் பதிந்துவிட்டால், அதனால் வரும் பொறுப்பு பதிவு செய்தவரையே சேரும், ரெக்கார்டரைச் சேராது.

மூன்றாம் படி: படிவமும் நகலும்

கவுண்டி ரெக்கார்டரின் வலைத்தளத்திலோ அலுவலகத்திலோ ‘ரெஸ்ட்ரிக்டிவ் கவனன்ட் மாடிஃபிகேஷன்’ என்ற பெயரில் ஒரு படிவம் கிடைக்கும். கட்டுப்பாட்டு ஷரத்தைத் திருத்தும் ஆவணம் என்பது அதன் பொருள். சொத்தின் உரிமையாளரோ, வாங்கிக்கொண்டிருப்பவரோ இதைத் தாக்கல் செய்யலாம். உரிமையாளர் அல்லாத பிறரும் தாக்கல் செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. பதிவுக் கட்டணம் கிடையாது. கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து தருகிறோம் என்று அஞ்சலில் வரும் கடிதங்களை ஒதுக்கிவிடுங்கள்.

படிவத்தில் உங்கள் பெயர், சொத்தின் முகவரி, மனை எண், மூல ஆவணம் பதிவான தேதி, அதன் புத்தகப் பக்க எண் அல்லது ஆவண எண், ஷரத்து இருக்கும் பக்கமும் பத்தியும் கேட்கப்படும். மூல ஆவணத்தின் முழு நகலை, ஒரு பக்கமும் விடாமல், இணைக்க வேண்டும். அந்த நகலில் சட்டவிரோதமான வரிகளை மட்டும் கறுப்பு மையால் முழுமையாக மறைக்க வேண்டும். நாங்கள் முதலில் சாதாரண மார்க்கரால் அடித்தோம். விளக்கொளியில் பிடித்தால் எழுத்து தெரிந்தது. மறைத்த தாளை மறுபடியும் நகலெடுத்து, அந்த நகலை இணைத்தபோதுதான் சரியாக வந்தது. மறைக்காத நகல் ஒன்றையும் தனியே கொண்டுபோங்கள்; ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்பார்கள். கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்தாக உள்ள நகலில் கறுப்பு மையால் அடித்தால் எங்கே அடித்தீர்கள் என்றே தெரியாது. நகலெடுக்கும்போதே நிறத்தைத் திருப்பித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.

கையெழுத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போகாதீர்கள். நோட்டரி முன் போட வேண்டுமா என்பதை உங்கள் கவுண்டிப் படிவத்தின் குறிப்பில் பார்த்து, தேவையானால் அடையாள அட்டையுடன் நோட்டரியிடமே போட வேண்டும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்தால் இருவரும் வர வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: காத்திருப்பது

தாக்கல் செய்தவுடன் பதிவாகிவிடாது. ரெக்கார்டர் அதைக் கவுண்டியின் சட்ட ஆலோசகருக்கு அனுப்புவார். மூல ஆவணத்தில் உண்மையிலேயே சட்டவிரோதத் தடை இருக்கிறதா, நீங்கள் மறைத்தது அதை மட்டும்தானா என்று அவர் பார்த்து மூன்று மாதத்துக்குள் விடை சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டால் பதிவாகும், மறுத்தால் காரணத்தைக் கேட்டுத் திருத்தி மறுபடியும் தரலாம். முதியோருக்கான குடியிருப்பில் உள்ள வயது வரம்பு போன்றவை சட்டப்படி செல்லுபடியாகும். அவற்றை நீக்கக் கேட்டு அனுப்பினால் திரும்பி வரும்.

பதிவான திருத்த ஆவணம் மூல ஆவணத்தைச் சுட்டும். அட்டவணையிலும் அதைப் போலவே ஏறும். மூல ஆவணம் எந்தத் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்ததோ அதே தேதியிலிருந்து திருத்தமும் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படும். பழைய ஆவணத்தைக் கிழித்து எறிவதில்லை. அது அலுவலகக் காப்பில் இருக்கும். இதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. யார், எந்த ஆண்டில், எந்தத் தெருவில் யாரை விலக்கினார்கள் என்பதற்கு அந்தத் தாளைத் தவிர வேறு சாட்சி இல்லை. விலக்கப்பட்ட குடும்பங்கள் அந்த நாற்பது ஆண்டுகளில் வாங்க முடியாமல் போன வீடுகளும், அவற்றின் வழியாகப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேராத சொத்தும் இன்றைய கணக்கில் இருக்கும்போது, காரணத்தைக் காட்டும் காகிதம் காணாமல் போகக் கூடாது.

சங்கம் உள்ள குடியிருப்பானால்

வீட்டு உரிமையாளர் சங்கம் உள்ள குடியிருப்புகளில் வேலை இன்னும் எளிது. கலிஃபோர்னியச் சட்டப்படி, தன் ஆவணங்களிலுள்ள இத்தகைய ஷரத்தை உறுப்பினர்களின் வாக்கெடுப்பு இல்லாமலேயே நிர்வாகக் குழு நீக்க வேண்டும். எழுத்தில் கேட்டு 30 நாளாகியும் நீக்காவிட்டால் நீதிமன்றம் போக வழி உண்டு. தேதியிட்ட கடிதமாக, பக்க எண்ணுடன் எழுதுங்கள். கூட்டத்தில் வாயால் சொன்னதற்கு எந்தப் பதிவும் இராது.

சங்கம் இல்லாத பழைய மனைப்பிரிவுகளில், அதே ஆவணம் அண்டை வீடுகள் அனைத்துக்கும் பொதுவாக இருக்கும். உங்கள் கையில் எண்ணும், பக்கமும், சரியாக மறைத்த நகலும் இருக்கின்றன. பக்கத்து வீட்டாரிடம் கொடுங்கள். நண்பரின் தெருவில் நாற்பது ஆண்டுகளாக வாழும் ஒரு ஜப்பானிய அமெரிக்க முதியவர், தன் வீட்டுக்கும் அந்த ஷரத்து உண்டு என்பதை நாங்கள் காட்டியபோதுதான் அறிந்தார். அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நீண்ட நேரம் படித்தார். பிறகு படிவத்தை வாங்கிக்கொண்டார்.

கவுண்டி தானாகவே செய்யாதா?

செய்யத்தான் வேண்டும். ஏபி 1466 சட்டம் ஒவ்வொரு கவுண்டி ரெக்கார்டரும் தம் பதிவேடுகளைத் தேடி, இத்தகைய ஷரத்துகளைக் கண்டுபிடித்து மறைக்கத் திட்டம் வகுக்க வேண்டும் என்று பணித்தது. அதற்காகப் பதிவுகளில் 2 டாலர் கூடுதல் கட்டணம் வாங்கவும் அனுமதித்தது. சான்டா கிளாரா கவுண்டி, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரி ஒன்றைப் பயிற்றுவித்து சுமார் 52 லட்சம் பத்திரப் பதிவுகளைச் சலித்து ஆயிரக்கணக்கான ஷரத்துகளைக் கண்டுபிடித்திருக்கிறது. மனிதர்கள் உட்கார்ந்து படித்தால் ஆண்டுக்கணக்கில் இழுக்கக்கூடிய வேலை அது. உங்கள் கவுண்டியின் திட்டம் எந்த ஆண்டுப் பதிவுகள் வரை வந்திருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் ஆவணம் அதில் ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வரிசை வரக் காத்திருக்க விரும்பாதவர்களுக்குப் படிவத்தின் வழி எப்போதும் திறந்திருக்கிறது.

வேறு மாநிலங்களில் இருப்பவர்களுக்கு

வாஷிங்டன் மாநிலத்தில், பத்திரங்களைப் பதியும் அதிகாரியான கவுண்டி ஆடிட்டரிடம் திருத்த ஆவணத்தைக் கட்டணமின்றிப் பதியலாம். கவுண்டியின் மேல்நிலை நீதிமன்றத்தின் ஆணை பெற்று நீக்கும் வழியும் உண்டு. அம்மாநிலம் ஒரு படி மேலே போய், 2023 சட்டத்தின் மூலம், பதிவுகளில் 100 டாலர் கட்டணம் விதித்து, இத்தடைகளால் பாதிக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த முதல் வீடு வாங்குவோருக்கு முன்பணக் கடன் தருகிறது. தகுதியுள்ள சமூகங்களின் பட்டியலில் இந்திய வம்சாவளியினரும் இருக்கிறார்கள். ஆனால் தாமோ, பெற்றோரோ, முன்னோரோ 1968 ஏப்ரலுக்கு முன் அம்மாநிலத்தில் வாழ்ந்திருக்க வேண்டும் என்பதால் அண்மையில் குடியேறிய நமக்கு அது பொருந்தாது. நியாயமான வரம்புதான். மினசோட்டாவில் 2019 சட்டப்படி ஒரு விடுவிப்பு ஆவணத்தைப் பதியலாம். அங்கே ஜஸ்ட் டீட்ஸ் என்ற அமைப்பில் சேர்ந்த நகராட்சிகளில் வசிப்பவர்களுக்குத் தன்னார்வலர்கள் பத்திரத்தைத் தேடியும் தருகிறார்கள், எழுதியும் தருகிறார்கள். இம்மூன்றும் அல்லாத மாநிலமானால், கவுண்டியில் பத்திரம் பதியும் அலுவலகத்தின் வலைத்தளத்தில் முதலில் தேடி, படிவம் இல்லாவிட்டால் சொத்துரிமை வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் கேட்டுக்கொள்வது போதும்.

முத்திரையிட்ட நகல் அஞ்சலில் வந்த பிறகு, அதன் எண்ணை டைட்டில் பாலிசியின் முதல் பக்கத்தில் பென்சிலால் குறித்துவைத்து, பழைய ஃபோட்டோஸ்டாட் நகலையும் அதன் பின்னாலேயே சேர்த்துக் கோப்பில் வையுங்கள். வீட்டை விற்கும் நாளில், இரண்டையும் வாங்குபவரின் கையில் கொடுங்கள்.